பிளேனுக்குப் போகிற ரயில்

விமான டிக்கட் விற்கிற கந்தோரில் எல்லாருக்கும் உட்கார ஒரு கதிரை உண்டு. பயணியைக் கூட்டிக்கொண்டு போய் விமான நிலைய வாசலில் விட்டுவிட்டு வருகிற ஆளுக்கு மட்டும் கிடையாது. யுத்தம் நடந்த தொண்ணூறுகளில் கொழும்பு வெள்ளவத்தையில் ஒரு பயண முகவர் கந்தோரில் அந்தக் கதிரை இல்லாத ஆள் நான்தான். மற்றவர்களுடைய பெட்டியைத் தூக்கியவர்கள், மற்றவர்களுடைய அழுகைக்குப் பக்கத்தில் நின்று மணிக்கூட்டைப் பார்த்தவர்கள் உங்களிலும் இருப்பீர்கள். இதை வாசிக்கும்போது தோள்மூட்டு கொஞ்சம் நொந்தால் மன்னித்துக்கொள்ளுங்கள்.

நேர்முகப் பரீட்சை

எங்கள் முதலாளி குணநாயகம் ஐயா யாழ்ப்பாணத்துக்காரர். காலி வீதியில் ஒரு புடவைக்கடைக்கு மேல்மாடியில் கந்தோர் வைத்திருந்தார். நான் வேலை கேட்டுப் போன கிழமை அவர் நல்ல கோபத்தில் இருந்தார். வான் பிடித்து அனுப்பிய ஒரு வயதான தம்பதியை நீர்கொழும்பு வீதியில் இரண்டு இடத்தில் மறித்திருக்கிறார்கள். பெட்டிகளை வீதியோரத்தில் திறந்து, ஊறுகாய்ப் போத்தலைக்கூட முகர்ந்து பார்த்து முடிய விமானம் எழும்பிவிட்டது. யாழ்ப்பாணத்து அடையாள அட்டையும் பெரிய பெட்டியும் ஒரே வானில் போனால் அந்த நாளில் அதுதான் கதி. ரயிலிலும் சோதனை இருந்தது. ஆனால் ரயில் புறப்படவேண்டும் என்ற அவசரம் சோதிக்கிறவர்களுக்கும் இருந்தது. இனிமேல் எல்லாரையும் ரயிலில்தான் அனுப்புவது, சிங்களம் தெரிந்த ஒருவர் கூடப் போவது என்று ஐயா முடிவு செய்திருந்தார்.

நான் கொட்டாஞ்சேனை. அப்பா துறைமுகத்தில் வேலை, சிங்களம் எனக்கு வீட்டு ஒழுங்கையில் சிங்களப் பிள்ளைகளோடு விளையாடும்போதே வந்துவிட்டது. சின்னம்மா கந்தானையில் இருந்ததால் பள்ளிக்கூட விடுமுறை எல்லாம் அந்தப் புத்தளம் ரயிலில்தான். ஐயா என்னிடம் கேட்டது ஒரே ஒரு கேள்வி: ராகமைக்குப் பிறகு என்னென்ன ஸ்டேஷன்? நான் கண்ணை மூடிக்கொண்டு பேரலந்த, கந்தானை, கபுவத்தை, ஜா-எல, துடெல்ல, குடஹகபொல, அளவத்துப்பிட்டிய, சீதுவை, லியனகேமுல்ல, கட்டுநாயக்க என்று செபமாலை சொல்வதுபோல ஒரே மூச்சில் சொல்லி முடித்தேன். டைப் அடிக்க அவ்வளவாக வராது என்பதையும் சொல்லிவிட்டேன். அவர் என் காலைப் பார்த்தார்.

“ரைப் பண்ண இஞ்சை ஆள் இருக்கு. நாளைக்கு வரேக்கை நல்ல செருப்பாப் போட்டுக்கொண்டு வாரும் பிள்ளை” என்றார்.

ராகமையில் ஒரு பிரிவு

தில்லையம்பலம் ஐயா யாழ்ப்பாணக் கச்சேரியில், அந்த அரசாங்கக் காரியாலயத்தில், கிளாக்கராக இருந்து ஓய்வுபெற்றவர். லண்டனில் இருக்கும் மகனிடம் போவதற்காகக் கப்பலில் திருகோணமலை வந்து, அங்கிருந்து பஸ்ஸில் கொழும்பு வந்து, விசா வரும்வரை வெள்ளவத்தையில் ஒரு லொட்ஜில் தங்கியிருந்தார். யாழ்ப்பாணத்துக்கு ரயில் நின்றுபோய் வருஷக்கணக்காகிவிட்டது. வெள்ளவத்தையிலிருந்து கோட்டை ஸ்டேஷனுக்குக் கடலோரமாக வந்த ரயிலில் அவர் வாயே திறக்கவில்லை. கோட்டையில் அவரை மேடையில் ஒரு வாங்கில் இருத்திவிட்டு, அடுத்த டிக்கட்டை எடுத்துக்கொண்டு திரும்பினால் ஆளைக் காணவில்லை. பெட்டி மட்டும் இருக்கிறது. தேடிக்கொண்டு ஓடினால் மேடையின் அந்தத்தில், இன்ஜினுக்குக் கீழே நின்று, டிரைவரோடு அநுராதபுரத்தில் தான் வேலை பார்த்த காலத்துச் சிங்களத்தில் கதைத்துக்கொண்டிருந்தார். முகத்தில் அப்படி ஒரு வெளிச்சம்.

ராகமையில் பாதை இரண்டாகப் பிரியும். வடக்குக்கும் மலைநாட்டுக்கும் போகிற பெரிய பாதை வலப்பக்கம் போக, எங்கள் ரயில் இடப்பக்கம் வளையும். அவர் யன்னலால் தலையை நீட்டி, அந்தப் பெரிய பாதை தென்னைகளுக்குள் மறையும்வரை பார்த்தார். அழப்போகிறார் என்று நினைத்து நான் கைக்குட்டையை எடுத்து வைத்துக்கொண்டேன். அவர் தலையை உள்ளே இழுத்து, இந்த ரயில் எதுவரை போகும் என்று கேட்டார். சிலாபம்வரை என்றேன். சிலாபத்துக்குப் போய்த் திரும்பி வந்தால் பிளேனைப் பிடிக்கலாமா என்று கேட்டார். ஏலாது என்றேன். அதற்குமேல் வற்புறுத்தவில்லை, ஆனால் கட்டுநாயக்கவில் இறங்கும்போது, பாதிச் சாப்பாட்டில் கோப்பையைப் பறிகொடுத்த பிள்ளைபோல என்னைப் பார்த்தார். விமான நிலைய வாசலில் கடவுச்சீட்டைக் கையில் கொடுத்தபோதுதான் மனதில் இருந்ததைச் சொன்னார்.

“லண்டனிலை இறங்கினதும் மகன் பிளேன் எப்பிடி எண்டுதான் கேப்பான். ரயில்தான் திறம் எண்டு சொன்னால் கோவிப்பானோ தெரியேல்லை.”

போகும்போதும் வரும்போதும்

பார்வதி ஹட்டன் பக்கத்துத் தோட்டம் ஒன்றிலிருந்து குவைத்துக்கு வீட்டுவேலைக்குப் போனவள். நடக்கப் பழகுகிற மகனைத் தன் தாயிடம் விட்டுவிட்டு வந்திருந்தாள். சீதுவை தாண்டினால் தென்னந்தலைகளுக்கு மேலே விமானங்கள் தாழ்வாக இறங்குவது தெரியும். அந்த இடத்தில் எந்தப் பயணியும் ஒருமுறை எட்டிப் பார்ப்பார். பார்வதி பார்க்கவில்லை. கோட்டையிலிருந்து கட்டுநாயக்க வரைக்கும் தன் கால்விரலையே பார்த்துக்கொண்டு இருந்தாள். நான் வாங்கிக் கொடுத்த வடையையும் மடியிலேயே வைத்திருந்தாள்.

ஒப்பந்தம் முடிந்து அவள் திரும்பி வருகிற தகவல் கந்தோருக்கு வந்தபோது, அவளைக் கூட்டிவர நானே கேட்டு வாங்கிப் போனேன். சுகமாக, கொஞ்சம் சதை போட்டு, மகனுக்கு ஒரு பெரிய பொம்மை ரயிலோடு வந்து இறங்கினாள். கொழும்புக்குத் திரும்பும் ரயிலில் யன்னல் ஓரத்தைப் பிடித்துக்கொண்டு வாய் ஓயாமல் கதைத்தாள். எதைப் பார்த்தாலும் சிரிப்பு. அவள் பிறந்த தோட்டத்து லயத்து வீட்டுக்கு முன்னால்தான் பதுளை ரயில் போகுமாம், அதில் எத்தனை வளைவு, எத்தனை இருட்டு என்று கதை. பிறகு வெளியே கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்தாள். தென்னை, அதற்குப் பின்னால் தென்னை, கண்ணாடிக் கூட்டுக்குள் ஒரு மாதா சுருவம், மறுபடி தென்னை.

“என்னாங்கக்கா இது, ஒரு சுரங்கம் இல்ல, ஒரு ஏத்தம் இல்ல. ஊது ஊதுன்னு ஊதுறான், எங்கயும் ஏறவே மாட்டேங்குது. இதுக்கும் ரயிலுன்னு பேரு வச்சிருக்காங்க” என்றாள்.

மீன் லொறி

மனோகரி அக்காவின் புருஷன் சுவிஸில். கலியாணமாகி இரண்டாவது பிள்ளை வயிற்றில் இருக்கும்போது போனவர், ஆறு வருஷமாக இவர்களைக் கூப்பிட அலைந்து ஒருவழியாக விசா கிடைத்திருந்தது. ஏதேதோ தாமதங்களுக்குப் பிறகு இடம் கிடைத்த விமானம், விசா முடிகிற நாளன்றுதான். அன்றைக்கு என்று பார்த்து கபுவத்தை தாண்டியதும் ரயில் நின்றது. முன்னால் தண்டவாளத்தில் ஒரு பொதி கிடக்கிறதாம், குண்டாக இருக்கலாமாம். இராணுவம் வந்து பார்க்கும்வரை ஒருவரும் அசையக்கூடாது. பொதி என்ற சொல் அந்த நாளில் எல்லாருடைய வாயையும் மூடிவிடும். மனோகரி அக்கா இரண்டு பிள்ளைகளையும் மடியில் இழுத்து வைத்துக்கொண்டு, மணி என்ன என்று என்னிடம் கேட்டுக்கொண்டே இருந்தார். ஒவ்வொரு முறையும் நான் கொஞ்சம் குறைத்துச் சொன்னேன்.

எதிர் இருக்கையில் திரேசா அக்கா இருந்தார். நீர்கொழும்பு மீன்காரி, விடியக் கொழும்புக்கு மீன் கொண்டுவந்து, வெறுங்கூடையோடு திரும்பிப் போகிறவர். வாரத்தில் இரண்டு நாளாவது என்னோடு வருவார். கதையை என்னிடம் கேட்டு அறிந்ததும் கூடையைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு எழும்பினார். கீழே நின்ற சிப்பாயிடம் சிங்களத்தில், இந்தப் பிள்ளைகள் தகப்பனைப் பார்க்கப் போகிறார்கள், பெட்டியைத் திறந்து பார், பார்த்துவிட்டு விடு என்று சொன்னார். அவன் பார்த்தான், விட்டான். திரேசா அக்கா ஒரு பெட்டியையும் நான் ஒரு பெட்டியையும் தூக்க, ஒரு தென்னந்தோட்டத்தைக் குறுக்காகக் கடந்து பெரிய வீதிக்கு வந்து சேர்ந்தோம். அங்கே அவர் வீதியின் நடுவில் போய் நின்று, கொழும்பில் மீன் இறக்கிவிட்டு வெறுமையாக வந்த ஒரு லொறியை மறித்தார். டிரைவர் அவர் போகிற மாதா கோவில்பற்றுக்காரன்தானாம். எங்களை ஐஸ் பெட்டிகளுக்கு நடுவில் ஏற்றினான். வழியில் காவலில் நின்றவர்கள் கடவுச்சீட்டுகளைப் பார்த்தார்கள், பிறகு லொறிக்குள் எட்டிப் பார்த்தார்கள், உடனே மூக்கைப் பொத்திக்கொண்டு போகச் சொன்னார்கள்.

விமான நிலையத்தில் கடைசி ஆட்களாக உள்ளே போனார்கள். கண்ணாடிக்கு அப்பால் மனோகரி அக்கா திரும்பிக் கும்பிட்டது தெரிந்தது. இரண்டு நாள் கழித்துக் கந்தோருக்கு சுவிஸிலிருந்து ஒரு டெலிபோன், என்னைத்தான் கேட்டார்கள். புருஷன்காரர் சொன்னார்:

“தங்கச்சி, ஊரிலையிருந்து வாற ஆக்களிலை மிளகாய்த்தூள் மணக்கும் எண்டு இஞ்சை சொல்லுவினம். என்ரை மனிசியிலை நீர்கொழும்புச் சூரைமீன்தான் மணந்தது. எனக்கு அது சந்தனம் மாதிரி இருந்தது.”

கிளைப்பாதை

பயணியை அனுப்பிவிட்டுத் திரும்பும் ரயிலுக்குக் காத்திருக்கிற நேரத்தில் கட்டுநாயக்க ஸ்டேஷன் மாஸ்டர்தான் எனக்குப் பேச்சுத்துணை. நடுவயதுச் சிங்களவர், மேடை ஓரத்தில் குரோட்டன் வளர்ப்பார், அதற்குத் தண்ணீர் ஊற்றும்போது கதை வரும். இந்தப் பாதையைத் தேங்காய்க்கும் கொப்பறாவுக்கும் மீனுக்குமாகத்தான் வெள்ளைக்காரன் போட்டான் என்பார். பிறகு உலக யுத்தம் வந்ததும், அதே தென்னைகளுக்கு நடுவே போர் விமானம் இறங்க ஓடுபாதை போட்டான். அதுதான் வளர்ந்து இன்றைக்குச் சனம் பறக்கிற இடமாகிவிட்டது. அந்த விமான நிலையத்தின் பக்கமாக எங்கள் ரயில் பாதையிலிருந்து ஒரு சின்னக் கிளைப்பாதையும் பிரிந்து போகிறது. நான் அந்த வேலையில் இருந்த காலத்தில் அதன்மேல் ஆடு மேய்ந்ததைத்தான் அதிகம் கண்டேன்.

ஒருநாள், முழங்கால் வருத்தத்தோடு ஒரு பெரியம்மாவைக் கைத்தாங்கலாக ஸ்டேஷனிலிருந்து ஓட்டோவுக்கும், ஓட்டோவிலிருந்து சோதனைச்சாவடிக்கும், அங்கிருந்து பஸ்ஸுக்கும் மாற்றி மாற்றி ஏற்றிவிட்டுத் திரும்பி வந்தேன். வந்த களைப்பில், விமானத்தடிக்கே தண்டவாளம் இருக்கிறதே, அதில் தினமும் ரயில் விட்டால் என்ன என்று அவரிடம் கேட்டேன். அவர் வாளியைக் கீழே வைத்துவிட்டு, தங்கச்சி என்று சிங்களத்தில் கூப்பிட்டார்.

“நங்கி, பிளேனில் போகிறவன் ரயிலில் வரமாட்டான், ரயிலில் வருகிறவன் பிளேனில் போகமாட்டான் என்று நினைத்துத்தான் விடாமல் இருந்திருப்பார்கள். உங்கள் ஆட்களை ஒருவரும் எதிர்பார்க்கவில்லை” என்றார்.

ரிட்டர்ன் டிக்கட்

இது சிரிப்பாக நடந்த விஷயமல்ல. விமான நிலையத்தை அண்டிய இடங்களில் கெடுபிடி கூடியிருந்த ஒரு மாதம். நான் ஒரு பயணியை அனுப்பிவிட்டு ஸ்டேஷனுக்குத் திரும்பி வந்தபோது சிவில் உடுப்பில் இரண்டு பேர் பக்கத்தில் வந்து அடையாள அட்டையைக் கேட்டார்கள். பெயரைப் பார்த்தார்கள். கிழமைக்குக் கிழமை இங்கே வருகிறாய், ஒவ்வொரு முறையும் வேறு வேறு ஆட்களோடு வருகிறாய், ஆனால் நீ ஒருநாளும் பறப்பதில்லை, அப்படியென்றால் என்னத்தைப் பார்க்க வருகிறாய் என்று கேட்டார்கள். சிங்களம் எனக்குத் தண்ணீர்பட்ட பாடு என்று சொன்னேன் அல்லவா, அன்றைக்கு ஒரு சொல் ஒழுங்காக வரவில்லை. கந்தோர் டெலிபோன் இலக்கத்தைக் கொடுத்தேன். யாரும் எடுக்கவில்லை. ஜீப்பில் ஏறு என்றார்கள். அப்படி ஏறிய சிலரை அவர்களுடைய தாய்மார் பிறகு மாதக்கணக்காகத் தேடி அலைந்ததை நான் கொட்டாஞ்சேனையில் கண்டிருக்கிறேன். அம்மாவுக்கு யார் சொல்லுவார்கள் என்பதுதான் எனக்கு அந்த நேரம் வந்த ஒரே நினைப்பு.

ஸ்டேஷன் மாஸ்டர் தொப்பியைப் போட்டுக்கொண்டு வெளியே வந்தார். குரோட்டனுக்குத் தண்ணீர் ஊற்றுகிறவராக அல்ல, உத்தியோகத்தராக வந்தார். என்ன விஷயம் என்று அவர்களிடமே கேட்டார். அவர்கள் சொன்னதைக் கடைசிவரை பொறுமையாகக் கேட்டார். இந்தப் பெண்ணை எனக்குத் தெரியும் என்று மட்டும் சொல்லியிருந்தால், எப்படித் தெரியும் என்ற கேள்வி அவர் பக்கம் திரும்பியிருக்கும். அது அவருக்கும் தெரியும். அவர் என் பக்கம் திரும்பி, கையில் இருக்கிற டிக்கட்டைக் காட்டச் சொன்னார். வியர்வையில் நனைந்திருந்த அந்தத் துண்டு மட்டையை வாங்கி அவர்களுடைய முகத்துக்கு நேரே பிடித்தார். அவர்கள் மட்டையைப் பார்த்தார்கள், ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். மூத்தவன் என் அடையாள அட்டையைத் திருப்பித் தந்தான். அன்றைக்கு ரயில் வரும்வரை மாஸ்டர் மேடையிலேயே என் பக்கத்தில் நின்றார். அவர் அவர்களுக்குச் சொன்னது இவ்வளவுதான்:

“இந்த ஸ்டேஷனில் பெட்டியோடு வந்து இறங்குகிறவன் எல்லாம் வருகிற டிக்கட்டோடு மட்டும் வருகிறான். இவள் ஒருத்திதான் ஒவ்வொரு முறையும் திரும்பிப் போகவும் சேர்த்து எடுத்துக்கொண்டு வருகிறாள். கெட்டது செய்ய வருகிறவள் ரிட்டர்ன் டிக்கட் எடுப்பாளா?”

திறந்த கதவு

பிறகு பேச்சுவார்த்தை, யுத்தநிறுத்தம் என்று துவக்குச் சூடுகள் கொஞ்சக் காலம் ஓய்ந்திருந்தன. என் வேலை தலைகீழானது: போகிறவர்களைக் கொண்டுபோன ரயிலில் வருகிறவர்களைக் கொண்டுவரத் தொடங்கினேன். சிவநேசன் என்று ஒருவர் நோர்வேயிலிருந்து மனைவியோடும் பள்ளிக்கூடம் போகிற மகள் மதுராவோடும் வந்தார். வான் வேண்டாம், ரயிலில்தான் போகவேண்டும் என்று அவரே முன்கூட்டி எழுதியிருந்தார். மகளுக்குத் தன் நாட்டை யன்னலால் காட்டவேண்டுமாம். அவருக்கு உள்ளூரப் பயம். பிள்ளைக்கு இந்த நாடு பிடிக்காமல் போய்விட்டால் இனி வரவே மாட்டாள் என்று என்னிடம் மேடையில் மெதுவாகச் சொன்னார். ரயிலோ பின்னேர ரயில். ஆடைத் தொழிற்சாலைப் பெண்பிள்ளைகள் வேலை முடிந்து ஏறுகிற நேரம்; நாட்டைக் காட்டுவதற்கு யன்னலே தெரியவில்லை.

ஒரு தொழிற்சாலைப் பிள்ளை தன் இருக்கையில் பாதியை மதுராவுக்குக் கொடுத்தாள். மற்றவள் உப்புத்தூள் போட்ட மாங்காய்த் துண்டை நீட்டினாள். மதுரா வாங்கித் தின்றாள். ஆனால் கண் முழுக்கக் கதவில்தான் இருந்தது. திறந்த கதவில் மிதிபலகை நிறையச் சனம் தொங்கிக்கொண்டு வருகிறது. கந்தானையில் ரயில் நின்றதும், தகப்பன் தடுக்கத் தடுக்கக் கேளாமல் மேடையில் இறங்கி, கொடி காட்டுகிற கார்ட்டிடம் போனாள். நானும் பின்னால் ஓடினேன். கதவு பூட்டாமல் ரயில் ஓடுகிறது, ஆட்கள் விழுந்துவிடுவார்கள் என்று அவள் தமிழில் முறையிட, நான் சிங்களத்தில் சொன்னேன். சிவநேசன் யன்னலுக்குள் இருந்து தலையில் கைவைத்துக்கொண்டு பார்த்தார். கார்ட் சிரிக்கவில்லை. பெரிய மனுஷிக்குப் பதில் சொல்வதுபோல, பச்சைக்கொடியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு குனிந்து சொன்னார். அதை நான் தமிழில் சொன்னதும் அவள் திரும்பி அந்தச் சனத்தை ஒருமுறை பார்த்தாள், சரி என்று தலையாட்டினாள், வந்து இருந்த இடத்திலேயே அந்தத் தொழிற்சாலைப் பிள்ளையின் தோளில் சாய்ந்து கோட்டைவரை நித்திரையானாள். தகப்பனுக்கு நான் மொழிபெயர்த்துச் சொன்னதை உங்களுக்கும் சொல்கிறேன்:

“கதவைச் சாத்தலாம் மகள், ஆனால் அதில் நிற்கிற சனத்தை எங்கே வைக்கிறது?”

லண்டனோ, குவைத்தோ, நோர்வேயோ, எந்த ஊருக்குப் போனாலும் எந்த ஊரிலிருந்து வந்தாலும் நடுவில் சீதுவை என்று ஒரு ஸ்டேஷன் வந்தே தீரும் என்பதுதான் இத்தனை வருஷத்தில் நான் படித்த உலகப் பூகோளம்.